சுமை லாரிகளுக்குச் சக்கரமும் டயரும் மாற்றுவதால் டீசல் செலவில் ஏற்படும் வித்தியாசம்

ஜவ்வாது மலையடிவாரத்தில் அமைந்துள்ள படவேடும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் வாழைச் சாகுபடிக்குப் பெயர்பெற்றவை. இங்கு வெட்டப்படும் வாழைத்தார்கள் தோட்டத்து மண்பாதை வழியாகக் கிராமச் சாலைக்கும், அங்கிருந்து சந்தவாசல் வழியாக ஆரணி, வேலூர் முதலிய ஊர்களுக்கும், சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டுக்கும் செல்கின்றன. ஆரணியில் நெய்யப்படும் பட்டுப் புடவை எடையில் லேசாகவும் விலையில் கனமாகவும் உள்ள சரக்கு. அதை எந்த வண்டியில் ஏற்றினாலும் வண்டிச் செலவு ஒரு பொருட்டாகாது. வாழைத்தாரோ அதற்கு நேர்மாறாக எடையில் கனமானது, விலையில் லேசானது. ஆகையால் தார் ஒன்றுக்கு விழும் வண்டிச் செலவு சிறிது ஏறினாலும் குடியானவர் கையில் மிஞ்சும் லாபம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

2005-ம் வருஷத்தில் டாடா ஏஸ் என்னும் சிறு சுமை வண்டியும், 2011-ம் வருஷத்தில் அசோக் லேலண்ட் தோஸ்த் என்னும் வண்டியும் விற்பனைக்கு வந்தபின், கிராமங்களில் கடன் வாங்கியேனும் சொந்தமாக ஒரு சுமை வண்டி வைத்துக்கொள்வோர் தொகை பெருகியிருக்கிறது. இவர்களில் சிலர் வண்டியோடு வந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அகலமான டயர், உயரமான டயர், அலாய் ரிம் முதலியவற்றைக் கடைகளில் வாங்கிப் பூட்டுகின்றனர். சேற்றில் புதையாமல் ஏறிவர வேண்டும் என்பது ஒரு காரணம். அதிக பாரம் தாங்க வேண்டும் என்பது மற்றொரு காரணம். பார்வைக்கு எடுப்பாக இருக்க வேண்டும் என்பது மூன்றாவது காரணம். இம்மாற்றத்தினால் டீசல் செலவு கூடுமா, குறையுமா, அதை அறிந்துகொள்வது எப்படி என்பது கீழே விவரிக்கப்படுகிறது.

1. சக்கரம் உருளுவதற்குப் பலம் செலவாவதன் காரணம்

கட்டை வண்டிக்கும் டயர் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் குடியானவர் எல்லோரும் அறிந்ததே. இரும்புப் பட்டை போட்ட கட்டைச் சக்கரம் மணலில் புதைந்து, தான் தோண்டிய பள்ளத்திலிருந்து தானே ஓயாமல் ஏறவேண்டியிருக்கிறது. 1888-ம் வருஷத்தில் ஜான் பாய்டு டன்லப் என்பவர் பெல்பாஸ்ட் நகரில் செய்து காட்டிய காற்றடைத்த ரப்பர் டயர் பிற்காலத்தில் மாட்டு வண்டிக்கும் வந்து சேர்ந்தது. அதே ஜோடி மாடுகள் முன்னிலும் அதிக பாரத்தை எளிதில் இழுத்தன. டயர் தரையில் பரந்து படிவதால் புதைவது குறைகிறது. சிறு கற்களும் மேடுபள்ளங்களும் டயரின் நெகிழ்ச்சியில் அடங்கிவிடுகின்றன.

ஆனால் அந்த நெகிழ்ச்சிக்கும் ஒரு விலை உண்டு. டயர் உருளும்போது அதன் அடிப்பாகம் பாரத்தால் அமுங்கிப் பிறகு நிமிர்கிறது. அமுக்குவதற்குச் செலவான பலம் முழுவதையும் ரப்பர் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பங்கை உஷ்ணமாக மாற்றி வீணாக்குகிறது. நீண்ட தூரம் ஓடி நின்ற லாரியின் டயரைத் தொட்டால் சுடுவது இதனாலேயே. அந்தச் சூடு முழுவதும் டீசல் கொடுத்து வாங்கியது. பாரம் கூடக்கூட டயர் அமுங்குவதும், அதனால் பலம் வீணாவதும் கூடுகின்றன. பாரம் நிறைந்த பெரிய லாரி சமமான சாலையில் ஓடும்போது அது குடிக்கும் டீசலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டயர் உருளுவதற்கே செலவாகிறது. சிறு வண்டிகளில் இப்பங்கு இதைவிடக் குறைவு.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிச் சபையார் 2006-ம் வருஷத்தில் கார், சிறு வண்டிகளின் டயர்களைப்பற்றி வெளியிட்ட அறிக்கையில், உருளும் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவீதம் வரை மிச்சமாகும் என்று கண்டிருக்கின்றனர். இவ்விகிதம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் டயருக்கு டயர் உருளும் தடையில் பெரும் வித்தியாசம் இருப்பதாலும், சுமை வண்டி வருஷம் முழுவதும் ஓடுவதாலும், மொத்தத் தொகை அற்பமாக இராது.

2. சேற்றுக்கு நல்லது தார் ரோட்டுக்கு நல்லதன்று

நல்ல தார் ரோட்டில் 1,000 கிலோ எடையுள்ள வண்டியை மெதுவாக உருட்டிச் செல்ல உத்தேசமாக 7 முதல் 12 கிலோ வரையில் இழுப்புப் பலம் போதுமானது. அதே வண்டி இளமணலில் இறங்கினால் 100 கிலோவுக்கு மேலும் தேவைப்படும். மணலிலும் சேற்றிலும் டயர் நெகிழ்வதால் வரும் நஷ்டத்தைக் காட்டிலும் புதைவதால் வரும் நஷ்டமே பெரிது. ஆகையால் அங்கு அகலமான டயரும், ஆழமான கட்டிகளையுடைய பட்டன் டயரும் அனுகூலமானவையே.

தார் ரோட்டில் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே புதைவது என்பதே இல்லை. பட்டன் டயரின் தடித்த ரப்பர்க் கட்டிகள் ஒவ்வொன்றும் தரையில் படும்போது வளைந்து நசுங்கி உஷ்ணத்தை உண்டாக்குவதும், இரைச்சலிடுவதும், சீக்கிரம் தேய்வதுமே மிச்சம். வாழைத் தோட்டத்தினின்று மார்க்கெட்டுக்குப் போய்வர 60 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதில் மண்பாதை 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இருபதில் ஒரு பங்கு தூரத்துக்காக மீதிப் பத்தொன்பது பங்கிலும் நஷ்டத்தை ஏற்பதாக முடியும். அதுவும் மழைக்காலத்துச் சில வாரங்களுக்காக வருஷம் முழுவதும் ஏற்பதாகும்.

இதற்கு மாற்று வழிகள் உண்டு. ஐப்பசி மழைக்கு முன் தோட்டத்துப் பாதையில் சேறாகும் இடங்களுக்கு மட்டும் கிராவல் கொட்டி, இருபுறமும் தண்ணீர் வடிய வாய்க்கால் எடுத்துவிடலாம். பாதையைப் பயன்படுத்தும் நான்கைந்து குடியானவர்கள் இதில் ஒன்றுசேர்ந்தால் ஒருவருக்கு விழும் செலவு சொற்பமே. அல்லது தார்களை டயர் வண்டியிலோ டிராக்டர் டிரெய்லரிலோ சாலை ஓரம் வரை கொண்டுவந்து அங்கே லாரியில் ஏற்றலாம். பட்டன் டயர் இன்றி முடியாது என்போர், வண்டிக் கம்பெனியார் குறித்த அதே அளவில், என்ஜின் பலம் செல்லும் பின் அச்சுக்கு மட்டும் அதைப் போட்டு, முன் அச்சுக்கு நீளக் கோடுகள் உள்ள டயரையே வைத்துக்கொள்வது நலம்.

3. அகலமான டயர்

அகலம் ஒன்றே டீசலை அதிகம் குடிக்கச் செய்கிறது என்று சொல்லுவது சரியன்று. ஒரே பாரத்துக்கும் ஒரே காற்றழுத்தத்துக்கும் அகல டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய அதேதான். அதன் உருவம் மட்டும் குறுகி அகன்றதாகிறது. பெரிய லாரிகளில் ஜோடி டயருக்குப் பதிலாக மிக அகலமான ஒற்றை டயர் போட்டு டீசலை மிச்சப்படுத்துவதும் மேல்நாடுகளில் வழக்கத்தில் உள்ளதே.

நஷ்டம் வருவது வேறு காரணங்களால். முதலாவது, அகல டயர் வாங்குவோர் அதைப் பெரும்பாலும் குறைந்த காற்றுடனேயே ஓட்டுகின்றனர். இரண்டாவது, கடைகளில் அழகுக்காக விற்கப்படும் அகல டயர்களில் ரப்பர் கனமும் எடையும் அதிகம். மூன்றாவது, மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் டயர் காற்றைத் தடுக்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தை ஒத்து ஏறுவது. அதாவது வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். கிராமச் சாலையில் இது தெரியாவிட்டாலும் சென்னைக்குச் செல்லும் பெரிய சாலையில் தெரியும்.

மேலும், சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் ரிம் பூட்டினால் பாரம் அச்சின் பேரிங்குக்கு நேராக விழாமல் விலகி விழுகிறது. பேரிங்குகள் சீக்கிரம் தேயும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

4. உயரமான டயரும் மீட்டரின் பொய்க் கணக்கும்

டயர் உயரமானால் ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தூரம் அதிகமாகிறது. இதனால் என்ஜின் குறைந்த சுற்றுக்களில் ஓடி டீசல் மிச்சமாகும் என்று சிலர் கருதுகின்றனர். பாரமில்லாமல் சமமான ரோட்டில் ஒரே சீராக ஓடும்போது இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் டயரின் சுற்றளவு 6 சதவீதம் கூடினால், ஒவ்வொரு கியரிலும் சக்கரம் தரையைத் தள்ளும் பலம் ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்துபோகும். வாழைத்தார் நிறைந்த சிறு வண்டி மேட்டில் ஏறும்போது டிரைவர் கீழ்க் கியருக்கு மாற்றியும், கிளச்சை அரைகுறையாக மிதித்தும் ஓட்டவேண்டியிருக்கும். மிச்சமானது அங்கே செலவாகிவிடும். கிளச்சுப் பிளேட்டும் தேய்ந்துவிடும். பிரேக்கின் பிடிப்பும் அதே அளவுக்குக் குறைவதுடன், பாரம் உயரத் தூக்கப்படுவதால் வளைவுகளில் வண்டி சாய்வதற்கும் இடம் உண்டு.

மைலேஜ் கணக்கில் அநேகர் ஏமாறுவதும் இங்கேதான். வண்டியின் மீட்டர் தூரத்தை நேராக அளப்பதில்லை. சக்கரம் சுற்றிய சுற்றுக்களை எண்ணி, கம்பெனி டயரின் சுற்றளவால் பெருக்கிக் காட்டுகிறது. டயர் மாறினால் அக்கணக்குப் பொய்யாகிவிடும்.

உதாரணமாக, பழைய டயரின் சுற்றளவு 200 செ.மீ. என்றும், 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் டீசல் செலவாயிற்று என்றும் வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தது. பிறகு 212 செ.மீ. சுற்றளவுள்ள டயர் பூட்டப்பட்டது. மீட்டர் 300 கிலோமீட்டர் காட்டுவதற்குள் 21½ லிட்டர் செலவாயிற்று. மீட்டரை நம்பினால் லிட்டருக்கு 14 கிலோமீட்டர்கூட வரவில்லை என்று தோன்றும். ஆனால் வண்டி உண்மையில் ஓடிய தூரம் 318 கிலோமீட்டர். எனவே உண்மையான மைலேஜ் 14.8 கிலோமீட்டர். நஷ்டம் உண்டு, ஆனால் தோன்றிய அளவு இல்லை. சிறிய டயர் பூட்டினால் இதற்கு எதிரிடையாக மைலேஜ் கூடியதுபோலப் பொய்த் தோற்றம் உண்டாகும்.

புது டயர் போட்டவுடன் மைலேஜ் குறைந்துவிட்டது என்று வண்டிக்காரர்கள் சொல்லுவதன் விளக்கமும் இதில் அடங்கியுள்ளது. டயரின் ரப்பர் 8 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு 5 செ.மீ. குறையும், 200 செ.மீ. சுற்றளவுள்ள டயரில் இது 2½ சதவீதம். தேய்ந்த டயருடன் மீட்டர் உண்மையைவிட அதிக தூரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது; புது டயருடன் அது சரியான தூரத்தைக் காட்டத் தொடங்குகிறது. அதனுடன், புது ரப்பர் கனமாக இருப்பதால் சிறிது அதிக டீசல் செலவாவதும் மெய்யே. ஆயினும் இதற்காகத் தேய்ந்த டயரிலேயே ஓட்டுவது பெருந்தவறு. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தபின் ஓட்டுவது விதிகளுக்கு விரோதம். மழை பெய்த ரோட்டில் அத்தகைய டயர் பிரேக்குக்கு அடங்காது.

5. ரிம்மின் எடை

சுழலும் சக்கரத்தின் ஓரத்தில் உள்ள எடை, வண்டியின் மேல் ஏற்றிய எடையைப் போன்றதன்று. அதை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். ஆகவே வண்டி புறப்பட்டு வேகம் எடுக்கும்போது சக்கர ஓரத்தில் உள்ள 1 கிலோ ஏறக்குறைய 2 கிலோவுக்குச் சமமாகும். நான்கு சக்கரத்துக்கும் 5 கிலோ வீதம் எடை கூடினால், புறப்படும்போது 40 கிலோ வரையில் கூடுதல் பாரம் ஏற்றியதற்கு ஒப்பாகும். ஒரே வேகத்தில் ஓடும்போது இந்த வித்தியாசம் அநேகமாய்த் தெரியாது. சந்தைத் தெருவிலும் ஊர்களுக்குள்ளும் நின்று நின்று செல்லும்போது தெரியும்.

அலாய் ரிம் எல்லாம் லேசானது என்ற எண்ணமும் சரியன்று. ஒரே அளவில் உள்ள இரும்பு ரிம்மைவிட நல்ல அலுமினிய ரிம் பெரும்பாலும் லேசானதே. ஆனால் அழகுக்காக ஓரிரண்டு அங்குலம் பெரிதாக வார்க்கப்பட்ட ரிம் எடையில் கூடிப்போகக்கூடும். கடையிலேயே இரண்டையும் தராசில் நிறுத்துப் பார்ப்பது நலம். கார்களுக்காகச் செய்த ரிம்மைச் சுமை வண்டிக்குப் பூட்டுவது ஆபத்து. குழியில் விழுந்தால் அது விண்டுபோகக்கூடும். ரிம்மிலும் டயரிலும் குறித்துள்ள பாரத்தின் அளவு வண்டிக் கம்பெனியார் குறித்ததற்குக் குறையக்கூடாது.

6. டயரின் ஜாதி

டயரின் உள்ளே நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும் நைலான் டயர் ஒரு ஜாதி. நூல்கள் நேர்க்குறுக்காக ஓடி, மேலே எஃகுப் பட்டை சுற்றிய ரேடியல் டயர் மற்றொரு ஜாதி. இரண்டாவதைப் பிரெஞ்சு தேசத்து மிஷெலின் கம்பெனியார் 1946-ம் வருஷத்தில் பதிவு செய்தனர். ரேடியல் டயரில் பக்கச்சுவர் மட்டும் நெகிழ்ந்து, தரையில் படும் பாகம் விறைப்பாக நிற்பதால் உஷ்ணமாக வீணாகும் பலம் குறைவு. டீசல் சிக்கனத்துக்கு இதுவே ஏற்றது. நைலான் டயர் கரடுமுரடான பாதைக்கும் அதிக பாரத்துக்கும் ஈடுகொடுக்கும் என்பதால் நம் நாட்டு லாரிக்காரர்கள் நெடுங்காலம் அதையே விரும்பினர். இவ்விரு ஜாதியையும் ஒரே அச்சில் கலந்து பூட்டவே கூடாது.

ஜோடி டயர் உள்ள லாரிகளில் ஜோடியின் இரு டயர்களும் ஒரே உயரமாக இருத்தல் அவசியம். ஒன்று புதிதும் மற்றொன்று தேய்ந்ததுமாக இருந்தால் பெரியது பாரம் முழுவதையும் சுமக்கும். சிறியது தரையில் உரசி இழுபடும். இரண்டும் கெட்டு டீசலும் வீணாகும். ரீட்ரெட் செய்த டயர் போடுவோர் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

இந்திய அரசாங்கத்தார் 2022-ம் வருஷத்தில் பிறப்பித்த விதிப்படி, கார், சிறு சுமை வண்டி, பெரிய லாரி ஆகிய மூவகை வண்டிகளின் டயர்களுக்கும் உருளும் தடை, ஈர ரோட்டில் பிடிப்பு, இரைச்சல் ஆகியவற்றுக்கு வரம்பு ஏற்பட்டிருக்கிறது. புது மாதிரி டயர்களுக்கு 2022 அக்டோபர் முதலும், முன்பே விற்பனையில் இருந்த மாதிரிகளுக்கு 2023-ம் வருஷத்திலும் இது அமலுக்கு வந்தது. டயர் வாங்குவோர் விலையை மாத்திரம் கேளாமல், உருளும் தடை குறைந்த மாதிரி எது என்றும் கேட்டு வாங்குவது உசிதம்.

7. செலவில்லாத சிக்கனம்: காற்று

புது ரிம்முக்கும் டயருக்கும் ஆயிரக்கணக்கில் செலவிடுவோரும் காற்றழுத்தத்தைக் கவனிப்பதில்லை. நான்கு டயர்களிலும் சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு காற்றுக் குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தி இலாகாவார் கார் முதலிய சிறு வண்டிகளுக்குக் கூறும் கணக்கு. அதன்படி 10 பவுண்டு குறைந்தால் நஷ்டம் 2 சதவீதம். டயர் சூடேறி வெடிக்கும் அபாயம் வேறு. அறுவடை முழுவதையும் ஏற்றிக்கொண்டு இரவில் போகும் வண்டியில் டயர் வெடித்தால், டயரின் விலையோடு நஷ்டம் நிற்பதில்லை.

காற்றைக் காலையில் வண்டி கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடலாகாது. முன் டயருக்கும் பின் டயருக்கும் உரிய அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்பதையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். கோணலாக நிற்கும் சக்கரம் ஓயாமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடும்.

8. பரீட்சை செய்யும் முறை

சக்கரம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கீழ்க்கண்டவாறு பரீட்சை செய்தால் உண்மை விளங்கும்.

(அ) பாரம் ஏற்றிய வண்டியின் டயரிலும் அதன் நேர்கீழே தரையிலும் சுண்ணாம்புக் கோடு இடுக. டயர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்வரை வண்டியை நேராகத் தள்ளி, டயரின் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இரண்டாவது கோடு இடுக. இரு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரமே டயரின் சுற்றளவு. மீட்டர் காட்டும் தூரத்தைப் புதுச் சுற்றளவால் பெருக்கிப் பழைய சுற்றளவால் வகுத்தால் உண்மைத் தூரம் கிடைக்கும். சாலையோரக் கிலோமீட்டர்க் கற்களைக்கொண்டும் இதைச் சரிபார்க்கலாம்.

(ஆ) ஒரே பங்கில் டாங்கை விளிம்புவரை நிரப்பிப் புறப்பட்டு, திரும்பியதும் அங்கேயே மறுபடி நிரப்பி, ஊற்றிய லிட்டரைக் குறித்துக்கொள்க.

(இ) அதே வழி, அதே பாரம், அதே டிரைவர், சரியான காற்று என்ற நிபந்தனைகளில் மூன்று நடையாவது ஓட்டிச் சராசரி காண்க. ஒரு நடையின் கணக்கை நம்பலாகாது.

மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியின் உண்மை மைலேஜ் 15-லிருந்து 14 ஆகக் குறைந்தால் மாதத்துக்கு 14 லிட்டருக்குச் சற்று அதிகமாகவும், வருஷத்துக்கு ஏறக்குறைய 171 லிட்டரும் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்குச் சுமார் 15,400 ரூபாய். ரிம்முக்கும் டயருக்கும் கொடுத்த விலை இதற்கு மேற்பட்டது.

9. சட்ட விஷயம்

1988-ம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் கம்பெனியார் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டாரும் இதை வலியுறுத்தித் தீர்ப்புக் கூறியுள்ளனர். அளவு மாறிய சக்கரத்துடன் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகை பெறுவதிலும் தகராறுக்கு இடம் உண்டு. ஆகையால் கம்பெனியார் அனுமதித்துள்ள அளவுகளுக்குள்ளேயே டயரையும் ரிம்மையும் தேர்ந்தெடுப்பது பத்திரமானது.

10. முடிவு

மேற்கூறியவற்றால், சுமை வண்டிக்கு மாற்றுச் சக்கரம் போடுவது எல்லாம் நஷ்டம் என்றோ, எல்லாம் லாபம் என்றோ சொல்லுவதற்கில்லை என்பது விளங்கும். வண்டி எந்தப் பாதையில் அதிக தூரம் ஓடுகிறதோ அந்தப் பாதைக்கேற்ற டயரே சிக்கனமான டயர். படவேட்டு வாழைத் தோட்டக்காரர்களின் வண்டிகள் தூரத்தில் பெரும்பங்கைத் தார் ரோட்டிலேயே ஓடுகின்றன. அவர்களுக்குக் கம்பெனியார் குறித்த அளவில், உருளும் தடை குறைந்த ரேடியல் டயரும், கிரமமாக அளந்து பிடித்த காற்றுமே போதுமானவை. புதுச் சக்கரத்துக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் ஒரு பங்கைத் தோட்டத்துப் பாதைக்குக் கிராவல் கொட்டச் செலவிட்டால், ஒரு வண்டிக்கு மட்டுமன்றி அப்பாதையில் வரும் வண்டிகள் அனைத்துக்கும் அது பிரயோஜனப்படும்.